‘போச்சு’ என்று முடிகிற கடிதங்கள்

சென்ற இதழில் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன். மனதுக்குள் கிடந்து அரிக்கிற, நீங்களே செய்த ஒரு பிழையைப் பற்றி எழுதுங்கள் என்று. நிறையக் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. பெயர்களை எடுத்துவிட்டேன், ஆளைக் கண்டுபிடிக்கக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: ரீச்சர், ‘பொறுப்புக்கூறல்’ என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்தே செய்தியில் கேட்கிறேன். ஜெனீவா, தீர்மானம், அரசு என்றுதான் அது வரும். தனி ஒரு ஆளுக்கும் அந்தச் சொல் பொருந்துமா?
(உயர்தர மாணவி, மல்லாவி)

பதில்: பொருந்தும் பிள்ளை. 2015 ஒக்டோபரில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை, இலங்கையில் பொறுப்புக்கூறலைக் கேட்கிற 30/1 தீர்மானத்தை நிறைவேற்றியபோது இலங்கை அரசும் அதற்கு இணை அனுசரணை கொடுத்தது, 2020 பெப்ரவரியில் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. நீங்கள் வளர்ந்த காலம் முழுக்க இந்தச் சொல் அந்தச் செய்திகளோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது, அதனால் அது பெரிய இடத்துச் சொல் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அதைப் பிரித்துப் பாருங்கள். பொறுப்பு, கூறல். மனதுக்குள் எனக்குத் தெரியும் என்பது கூறல் ஆகாது. கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு கடவுளிடம் சொல்வதும் அரைவாசிதான். பாதிக்கப்பட்டவருடைய காதில் விழுகிற மாதிரிச் சொல்ல வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். “முதலில் நீங்கள் திருந்துங்கோ, பிறகு மற்றவனைக் கேளுங்கோ” என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம். கொலைக்கும் காணாமல் ஆக்கப்பட்டதற்கும் பதில் கேட்பதற்கு ஒருவரும் முதலில் புனிதராக வேண்டியதில்லை. அந்தக் கேள்வி அப்படியே நிற்கட்டும். வீட்டுக்குள்ளும் வயலிலும் நாங்கள் ஒருவருக்கொருவர் செய்தவை வேறு கணக்கு, இந்தப் பக்கத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இந்த முறை கடிதங்களை வாசிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வாசிக்க வாசிக்க எனக்கு நெஞ்சு கனத்தது. கதவு திறபட்டுப் போச்சு, காசு செலவழிஞ்சு போச்சு, கை நீண்டு போச்சு. எல்லாமே தானாக நடந்த மாதிரி. எங்கள் தமிழில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது. கோப்பையைப் போட்டு உடைத்த பிள்ளை “உடைஞ்சு போச்சு” என்கிறது. “உடைச்சுப்போட்டன்” என்று சொன்னால் உடைத்த கை தெரிந்துவிடும். கீழே வருகிற கடிதங்களை வாசிக்கும்போது அந்தக் கை எங்கே இருக்கிறது என்று நீங்களும் பாருங்கள்.

கேள்வி: மழை குறைந்த சிறுபோகத்தில் எங்கள் வாய்க்காலுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் வந்தது. என்னுடைய முறை முடிந்த பிறகும் பயிர் வாடிக்கொண்டு நின்றது. ஒரு இரவு வாய்க்கால் கதவு திறபட்டுப் போச்சு, விடியும்வரை என் வயலுக்குப் பாய்ந்தது. அப்படி மூன்று இரவு. கடைசி வயல்காரருக்குக் கதிர் வெளிவருகிற நேரம் தண்ணீர் போய்ச் சேரவில்லை. எனக்கு ஏக்கருக்கு 27 மூட்டை, அவருக்கு 8. கமக்கார அமைப்புக் கூட்டத்தில் பக்கத்து வயல் பெடியனைச் சந்தேகப்பட்டு எல்லோரும் ஏசினார்கள், நான் பேசாமல் இருந்துவிட்டேன். அதிகாரிகள் காலத்துக்குத் தண்ணீர் விட்டிருந்தால் இது நடந்திருக்காது. இப்போது போய்ச் சொன்னால் ஊரில் என் மரியாதை என்னாகும் ரீச்சர்?
(இரணைமடுவின் கீழ் கமம் செய்பவர், முரசுமோட்டை)

பதில்: அண்ணை, கதவு தானாகத் திறபடாது. மூன்று இரவும் எழும்பி, ரோச் எடுத்துக்கொண்டு, வரம்பால் நடந்து போய்த் திறந்தது நீங்கள். கடிதத்தில் இந்த ஒரு வசனத்தைத்தான் நீங்கள் எழுதவில்லை, மற்றதெல்லாம் எழுதியிருக்கிறீர்கள்.

அதிகாரிகள் பற்றி நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பது குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, மாவட்டச் செயலாளர் தலைமையில் கூட்டம் வைத்து முடிவெடுக்கிற காரியம். அந்த முடிவிலும் பிழை வரலாம், விட்ட தண்ணீர் பிந்தவும் செய்யலாம். வடக்கிலேயே பெரிய குளத்தை வைத்துக்கொண்டு தண்ணீருக்குச் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் பிந்தின தண்ணீர் உங்களுக்கும் கடைசி வயல்காரருக்கும் ஒரே மாதிரித்தான் பிந்தியது. அவர் பொறுத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார், நீங்கள் காத்திருக்கவில்லை. அதிகாரிகளின் பிழையைக் கடிதமாக எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள், நானும் பிரசுரிக்கிறேன். அது இந்த மூன்று இரவுக்குள் வராது.

நெல்லுக்குத் தண்ணீர் எந்த நேரம் இல்லாவிட்டால் ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கதிர் உள்ளே உருவாகிற குடலைப் பருவத்திலிருந்து பூத்து முடியும்வரை வாடினால் கதிர் வரும், உள்ளே மணி இருக்காது. பிறகு எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் சப்பி சப்பிதான். விதைநெல்லுக்கும், உழவுக்கும், பசளைக்கும், வெட்டு மெசினுக்கும் உங்களைப் போலவே அவரும் காசு கொடுத்திருப்பார். 8 மூட்டையை வைத்துக்கொண்டு அவர் வீட்டில் எந்தக் கடனை முதலில் கொடுத்திருப்பார்கள், எதைத் தவணை சொல்லியிருப்பார்கள்? அதை நீங்கள் கொஞ்ச நேரம் இருந்து யோசிக்க வேண்டும் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதை பற்றிக் கேட்டீர்கள். அதற்கு என்னுடைய பிழை ஒன்றைச் சொல்கிறேன். 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த பிறகு ஸ்கந்தபுரத்தில் மரத்தடியில் கிடுகுக் கொட்டில் போட்டு வகுப்பு நடத்தினோம். பொருளாதாரத் தடை, எழுதுபொருட்கள் கிடைப்பதே கஷ்டம். ஒரு பிள்ளையின் கொம்பாஸ் பெட்டி காணாமல் போனது. ஒரு பொடியன்மீது எனக்குச் சந்தேகம். அவன் சேர்ட்டின் கிழிசலைத் தவிர அதற்கு வேறு ஒரு காரணமும் என்னிடம் இருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. எல்லோருக்கும் முன்னால் அவனுக்கு அடித்தேன். அடுத்த நாள் பாய்களை உதறும்போது பெட்டி கீழே கிடந்தது. வகுப்பைப் பார்த்து நான் சொன்னது, “சரி, பெட்டி கிடைச்சுப் போச்சு, புத்தகத்தை எடுங்கோ.” அவ்வளவுதான். பிழையாக அடித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, ரீச்சர் என்ற மரியாதை போய்விடும் என்று நினைத்தேன்.

பல வருடம் கழித்து, எல்லா இடப்பெயர்வும் முடிந்த பிறகு, பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவனைக் கண்டேன். மேசன் வேலை செய்கிறான், இரண்டு பிள்ளைகள். அந்த இடத்திலேயே சொன்னேன். அவன் அடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “ரீச்சர், அதுக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில ஏதாவது துலைஞ்சா எல்லாரும் என்ரை பக்கம்தான் திரும்புவாங்கள்” என்றான். நான் அவனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டு என்ன பயன், கேட்க வேண்டிய காதுகள் அந்த வகுப்பில் இருந்தன. அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் எங்கே என்றே எனக்குத் தெரியாது. சிலர் உயிரோடு இல்லை. அந்த வகுப்பை இனி எங்கே கூட்டுவேன்?

உங்களுக்கு அந்தக் கூட்டம் இன்னும் இருக்கிறது அண்ணை. அதே ஆட்கள், அதே கட்டடம். முதலில் கடைசி வயல்காரர் வீட்டுக்குப் போய் அவரிடம் தனியே சொல்லுங்கள், கூட்டத்தில் வைத்து அவர் முதல்முறை கேட்கக்கூடாது. பிறகு அந்தப் பெடியனிடமும் அவன் தாய்தகப்பனிடமும். பிறகு கூட்டத்தில் எழும்பி, இந்தப் பெடியன் இல்லை, நான்தான் மூன்று இரவு திறந்தேன் என்று சொல்லுங்கள். தண்ணீர் பிந்தினதைப் பற்றி அன்றைக்குக் கதைக்க வேண்டாம். கதைத்தால் உங்கள் சொல்லின் பாதி அதிலேயே கழுவுப்பட்டுப் போகும்.

நெல்லுக் கணக்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 27இலிருந்து 8 போனால் ஏக்கருக்கு 19 மூட்டை. அவர் வயல் எப்போதுமே உங்களுடையதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் விளையும் என்றால், முந்தின சிறுபோகம் அவர் என்ன எடுத்தார் என்று அவரிடமே கேட்டு அதை வைத்துப் பாருங்கள். ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால் காலபோக அறுவடையில் பாதி, அடுத்த போகத்தில் பாதி என்று சொல்லலாம். தவணையை அவர் சொல்லட்டும். சிலர் உங்களோடு கொஞ்சக் காலம் கதைக்காமல் விடுவார்கள், கூட்டத்தில் ஏதாவது பொறுப்பில் இருந்தால் அதுவும் போகலாம். போகாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

கேள்வி: ஐந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து நுண்கடன் எடுத்தோம். ஒருவருக்கு மற்ற நாலு பேரும் பிணை. கோழி வளர்க்க என்று எடுத்த காசு வேறு செலவில் போச்சு. கிழமைக் காசு கட்டுகிற நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு எங்காவது போய்விடுவேன். ஏழு கிழமை மற்ற நாலு பேரும்தான் கட்டினார்கள், ஒருத்தி தோட்டை அடகு வைத்தாள். கொள்ளை வட்டி வாங்குகிறது கம்பனி. இவர்கள் ஏன் என்னோடு கோபிக்க வேண்டும்?
(உடையார்கட்டு)

பதில்: வட்டி பற்றி நான் உங்களோடுதான் நிற்கிறேன் தங்கச்சி. வன்னியில் இந்தக் கடனால் எத்தனை பெண்கள் அழுந்திப் போனார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். 2018இல் அரசாங்கமே, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்து நிலுவையாகிப் போன ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கிற அளவுக்கு நிலைமை போனது. ஆகவே கம்பனியோடு உங்களுக்கு வழக்கு இருக்கிறது, அதை விடாதீர்கள். பிரதேச செயலகத்துக்குப் போங்கள், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆனால் நீங்கள் ஒளித்தபோது அந்த நாலு பேரும் என்ன பாடுபட்டிருப்பார்கள்? ஒளித்ததால் கம்பனிக்கு ஒரு சதம் நட்டமில்லை, ஏழு கிழமையும் காசு போய்ச் சேர்ந்தது. நட்டம் எல்லாம் தோடு இல்லாத அந்தப் பிள்ளையின் காதில் இருக்கிறது. கட்ட முடியாமல் போனது உங்கள் பிழை என்று நான் சொல்ல வரவில்லை, அது வறுமை. முதல் கிழமையே படலையடியில் நின்று “இந்தக் கிழமை என்னட்டை இல்லை” என்று சொல்லியிருந்தால் ஐந்து பேரும் சேர்ந்து உத்தியோகத்தரிடம் தவணை கேட்டிருக்கலாம். கதவைப் பூட்டிக்கொண்டு போனதுதான் நீங்கள் செய்தது. நாலு பேரையும் ஒன்றாக இருத்தி அதைச் சொல்லுங்கள், அடகை மீட்பதை முதல் கடனாக எடுத்துக்கொள்ளுங்கள். அடகுக்கு மாதா மாதம் வட்டி ஏறிக்கொண்டு நிற்கிறது. கிழமைக்கு ஐந்நூறு என்றாலும் சரி, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், பிள்ளையிடம் கொடுத்து அனுப்பாதீர்கள்.

கேள்வி: 2009 மே மாதம் வட்டுவாகலில் அப்பாவை இராணுவத்திடம் கையளித்தோம், திரும்பி வரவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா இன்னும் அவரைத் தேடிக்கொண்டு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் நடத்துகிற கிளிநொச்சிப் போராட்டத்தில் போய் இருக்கிறார். நான் அப்பா இல்லாமல் வளர்ந்தவன், கோபம் வந்தால் என்னைப் பிடிக்க ஏலாது. மனைவிக்கு இரண்டு மூன்று தரம் கை நீண்டு போச்சு. கடைசியாக அடித்தபோது காதில் இரத்தம் வந்தது. அவள் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். என் கதை தெரிந்தும் அவள் இப்படிச் செய்யலாமா?
(விசுவமடு)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் இருந்துவிட்டு வந்தேன். பத்து வயதில் அந்த இடத்தில் நின்ற பிள்ளையை நினைத்தால் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அது உங்களுக்குச் செய்யப்பட்ட அநியாயம். அதை ஒருவரும் சிறிதாக்க முடியாது, நானும் ஆக்கவில்லை.

ஆனால் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அந்தத் தாய்மார் உட்கார்ந்தபோது அவர்கள் கேட்டது காசா? நட்டஈடு தருகிறோம், மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்லப்பட்டது, வேண்டாம் என்றார்கள். கொண்டுபோனவன் வந்து என்ன செய்தேன் என்று சொல்லட்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது. யுத்தம், அந்த நேரத்து நிலைமை, அப்படி நடந்து போச்சு என்ற பதிலை உங்கள் அம்மா எத்தனை வருடமாக ஏற்க மறுத்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் இருக்கிறார். அதே பதிலை நீங்கள் உங்கள் மனைவிக்குக் கொடுக்கிறீர்கள். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் உங்களுக்கு இதை யாராவது சொல்லத்தான் வேண்டும்.

கோபம் ஏன் வருகிறது என்பதற்கு உங்கள் கதை காரணமாக இருக்கலாம். அடி அவள்மீது ஏன் விழுகிறது? வேலை கொடுக்கிற முதலாளியிடமும் சோதனைச் சாவடியிலும் கை நீளவில்லை அல்லவா? அப்படியானால் உங்களால் பிடிக்க முடிகிறது. அவளுக்கு மட்டும்தான் நீங்கள் பிடிக்கவில்லை.

அவள் போனது சரி. கூப்பிடப் போகாதீர்கள், ஊர்ப் பெரியவர்களை அனுப்பிச் சமாதானம் பேசவும் வேண்டாம். அடித்தேன், காதை உடைத்தேன், அதற்கு உன் பக்கம் ஒரு காரணமும் இல்லை என்று அவளுக்கு அறிவியுங்கள். அதற்குக் கீழே ‘ஆனால்’ என்று ஒரு வரியும் வரக்கூடாது. காதுக்குச் செய்கிற வைத்தியச் செலவை நீங்கள் கொடுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், இந்தக் கிழமையே போங்கள், அப்பாவின் கதையை அங்கே முழுக்கச் சொல்லுங்கள், அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். மனைவி இதை வாசித்தால் அவருக்கும் ஒன்று: 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். திரும்பி வருவதா இல்லையா என்பதை அவர் மட்டும் முடிவெடுக்கட்டும்.

கேள்வி: பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கத்தை எந்த வயதில் தொடங்குவது?
(இளம் தாய், ஒட்டுசுட்டான்)

பதில்: தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை விழுந்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? நிலத்துக்கு அடி போடுகிறோம். “என்ரை குஞ்சை விழுத்தினதோ” என்று கல்லுக்கும் கதவுக்கும் ஏசுகிறோம். அதை நிற்பாட்டினாலே பாதி வேலை முடிந்தது, தூக்கி அணைத்தால் போதும். பிறகு, நீங்கள் சோற்றை அடிப்பிடிக்க விட்டால் “அடிப்பிடிச்சுப் போச்சு” என்னாமல் “நான் போனில் இருந்தேன், கவனிக்கவில்லை” என்று பிள்ளை கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை வந்து உண்மை சொல்கிற நாளில் அடிக்காதீர்கள். உடைத்ததைக் கூட்டி அள்ளச் சொல்லுங்கள், கூடவே இருந்து நீங்களும் அள்ளுங்கள்.

கேள்வி: 2009 ஏப்ரல் 20ஆம் திகதி மாத்தளனிலிருந்து வெளியேறினோம். அப்பாவுக்குக் காலில் காயம், நடக்க ஏலாது. கணவர் அதற்கு முதலே செல் விழுந்து செத்துப்போய்விட்டார். எனக்கு இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு ஒன்பது மாதம். “பிள்ளையளைக் கொண்டு போ” என்று அப்பா சொன்னார். பங்கருக்குள் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு நான் அவரை விட்டுவிட்டு வந்தேன். பிறகு ஒரு தகவலும் இல்லை. நான்தான் அவரைக் கொன்றேன். பிழையை ஒத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். இனி நான் என்ன செய்ய வேண்டும்?
(வற்றாப்பளை)

பதில்: தங்கச்சி, இதை நீங்கள் ஒத்துக்கொள்ளக் கூடாது.

வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும், ‘போச்சு’ போடாமல் ‘நான் செய்தேன்’ என்று நேராக எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அதுவும் நீங்கள் செய்யாத ஒன்றுக்கு. அன்றைக்கு உங்களுக்கு இரண்டு கை. ஒரு கையில் ஒன்பது மாதப் பிள்ளை, மறுகையில் மற்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் சில நாட்களுக்குள் அந்த மண்ணணையைக் கடந்து வந்த நேரம் அது. காயப்பட்ட பெரிய மனிதரை எந்தக் கையால் தூக்கியிருப்பீர்கள்? வேறு ஒரு வழி இருந்து, அதை விட்டு இதை எடுத்திருந்தால் பொறுப்பைப் பற்றிக் கதைக்கலாம். உங்களுக்கு முன்னால் வேறு வழி எதுவும் இருக்கவில்லை.

செய்தவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்துக்குள் செல் அடித்தவர்கள் இருக்கிறார்கள், முதலே வெளியேறப் பார்த்த சனத்தை மறித்தவர்களும் இருக்கிறார்கள். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையில் இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. அவர்கள் கூற வேண்டியதை நீங்கள் கூறினால், கூற வேண்டிய வாய்கள் மூடியே கிடக்கும். தகவல் இல்லாமல் போன ஒருவருக்காகத் தினமும் இப்படி உங்களையே தண்டிப்பது தாங்க முடியாத பாரம், அதையும் தனியே சுமக்கிறீர்கள். முல்லைத்தீவில் உளவளத்துணையாளரிடம் ஒருமுறை போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், நான் வருகிறேன்.

இன்னொன்று. அந்த பங்கருக்குள் இருந்து ஒரு முடிவை எடுத்தவர் உங்கள் அப்பா. தன் உயிரைப் பார்க்காமல், பிள்ளைகளைக் கொண்டு போ என்று சொன்னவர் அவர். நான்தான் விட்டுவிட்டு வந்தேன், நான்தான் கொன்றேன் என்று நீங்கள் சொல்லச் சொல்ல, அவர் செய்த அந்தக் காரியம் கதையிலிருந்து மறைந்து போகிறது. அதை அவரிடமிருந்து எடுக்காதீர்கள். ஒன்பது மாதப் பிள்ளையாகத் தண்ணீரைத் தாண்டி வந்தவன் இப்போது உங்களைவிட உயரமாக வளர்ந்திருப்பான். அவனுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டு வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். “அப்பா எங்களை அனுப்பி வைத்தார்.” அவனுக்குச் சொல்லும்போது இப்படிச் சொல்லுங்கள்.